வாசகர் கேள்வி – பதில்: கர்ப்பகால நீரிழிவும் மருத்துவப் பணியாளர் பயிற்சியும்

கேள்வி: மகப்பேறுப் பிரிவில் பத்து ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கர்ப்பகால நீரிழிவு குறித்த இரண்டு நாள் பயிற்சிக்கு எங்களை அனுப்பினார்கள். உரைகளைக் கேட்டோம், குறிப்பெடுத்தோம், சான்றிதழும் வாங்கினோம். திரும்பி வந்த பிறகு வார்டில் எதுவும் மாறவில்லை. குறை எங்களிடமா, பயிற்சியிலா?

பதில்: பெரும்பாலும் பயிற்சியில்தான். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சோதனையில், வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரம் கழித்து 180, இரண்டு மணி நேரம் கழித்து 153 மி.கி./டெ.லி. ஆகிய அளவுகளில் ஏதேனும் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வகுத்தது. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். அதற்கு இரண்டு நாள் தேவையில்லை. அந்த எண்ணை நம்பலாமா என்பதைத் தீர்மானிக்கும் வேலைகள்தாம் கைப்பழக்கத்தால் வருபவை, அவற்றைத்தான் பெரும்பாலான பயிற்சிகள் தொடுவதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். காலையில் எடுத்த ரத்தக் குழாய், ஆய்வகத்துக்குக் கொண்டுபோக ஆள் வரும் வரை மேசையிலேயே கிடக்கிறது. குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால், அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறைகிறது. உண்மையில் 95 இருந்த பெண்ணின் அறிக்கையில் 89 என்று வரும். நோய் இல்லையென்று அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். சர்க்கரை குறைவதைத் தடுக்கும் ஃபுளோரைடு கலந்த குழாய்தானே என்று இருந்துவிடவும் முடியாது, ஏனென்றால் அந்த ஃபுளோரைடு முழுமையாக வேலை செய்யத் தொடங்குவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்து, விரைவில் ஆய்வகத்துக்குச் சேர்ப்பதுதான் வழி. ஆகவே பயிற்சிக்கு மருத்துவரையும் செவிலியரையும் மட்டும் அழைப்பது போதாது. ரத்தம் எடுப்பவரும் அதைச் சுமந்து செல்பவரும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

நான் பயிற்சி நடத்தும்போது முதல் ஒரு மணி நேரம் உரையே கிடையாது. ஒரு பழத்தை உரித்த கையோடு விரலைக் குத்திக் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்வேன். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கச் சொல்வேன். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் விரலிலேயே கண்டவர், அடுத்த நாளிலிருந்து எந்தக் கர்ப்பிணியிடமும் "கையைக் கழுவிட்டீங்களாம்மா?" என்று கேட்காமல் விரலைத் தொடுவதில்லை.

கேள்வி: நான் பயிற்சி மருத்துவர். கர்ப்பிணிகளுக்கு இன்சுலின் எழுதும்போது கை நடுங்குகிறது. எங்கே தவறு நேர அதிக வாய்ப்பு உண்டு?

பதில்: அந்த நடுக்கம் கொஞ்சம் இருப்பதே நல்லது. நீங்கள் எழுதும் அளவைவிட, அது உடலுக்குள் போகும் வழியில்தான் தவறுகள் அதிகம் ஒளிந்திருக்கின்றன. ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்ட இன்சுலினும் 100 அலகு கொண்ட இன்சுலினும் ஒருசேரப் புழங்கும் இடங்களில், 100 அலகுக் குப்பியிலிருந்து 40 அலகு சிரிஞ்சில் "10" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 அல்ல, 25 அலகு. வெறும் தண்ணீரை இழுத்துக் காட்டி, எவ்வளவு போயிருக்கும் என்று ஒவ்வொருவரையும் கணக்குச் சொல்ல வைத்தால் இது மறக்காது.

இரண்டாவது ஆபத்தான நேரம் பிரசவம் முடிந்த சில மணி நேரம். இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் ஹார்மோன்களைச் சுரப்பது நஞ்சுக்கொடி. கர்ப்பத்தின் பிற்பாதியில் இன்சுலின் தேவை ஏறிக்கொண்டே போவதற்கு அதுதான் முக்கியக் காரணம். அது வெளியே வந்தவுடன் தேவை சடாரென்று இறங்கிவிடும். முதல் வகை நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) உள்ள தாய்க்குப் பழைய அளவையே இரவு ஷிப்டில் வருபவர் போட்டுவிட்டால், விடியற்காலையில் அந்தத் தாய் சர்க்கரை மிகவும் இறங்கி, வியர்த்து மயங்கிக் கிடப்பார். கர்ப்பத்தில் மட்டும் வந்த நீரிழிவென்றால், பொதுவாக இன்சுலினை அப்போதே நிறுத்திவிடலாம். மாற்றிய அளவை மருந்துச் சீட்டில் எழுதுவதோடு நில்லாமல், பணியை ஒப்படைக்கும்போது வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தையும் பயிற்சியிலேயே நடித்துப் பார்க்க வேண்டும்.

குழந்தையையும் மறந்துவிடக் கூடாது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும், தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே வரும் சர்க்கரையைச் சமாளிக்கச் சிசு தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், சுரந்த இன்சுலின் மட்டும் குழந்தையின் ரத்தத்தில் மிஞ்சியிருக்கும். அதனால் குழந்தையின் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுப்பதும் குழந்தையின் சர்க்கரையை அளப்பதும் இதனால்தான்.

கேள்வி: சர்க்கரை என்று சொன்னதுமே பல பெண்கள் அழுதுவிடுகிறார்கள். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அது விசாரணை போல ஒலிக்கும். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் செய்யும் வேலை இது என்பதை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: பயிற்சி பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது?

பதில்: பயிற்சி முடிந்த அன்று வைக்கும் தேர்வு மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று மாதம் கழித்து வார்டுக்குப் போய், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், ஒருவர் ஊசி போடுவதை ஓரமாக நின்று பார்ப்பேன். பிறகு பதிவேட்டைப் புரட்டுவேன். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கும் தாய் அதற்கென்று தனியாக வருவது அரிது. குழந்தையின் தடுப்பூசி நாளிலேயே அந்தச் சோதனையையும் சேர்த்துக் குறித்திருக்கிறார்களா என்றுதான் அந்தப் பதிவேட்டில் முதலில் தேடுவேன்.