ஊதுற டெஸ்ட் ரிப்போர்ட்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

புதுச்சேரியில நெஞ்சு நோய் பிரிவுல ஊதுற டெஸ்ட் (ஸ்பைரோமெட்ரி, நுரையீரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குறது) எடுக்குற டெக்னீஷியன் நான். டாக்டர் இல்ல, அதனால மருந்த மாத்தவோ நிறுத்தவோ எங்கிட்ட கேக்காதீங்க. பேப்பர்ல உள்ள நம்பர் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்றேன். கேக்குறவங்க பேருக்கு பதிலா ஊர் பேரு போட்டிருக்கேன்.

மஞ்சக்குப்பம்: அக்கா, போன வாரம்தான் ஆஸ்துமான்னு சொன்னாங்க. எஃப்இவி1 68%னு போட்டிருக்கு. அப்ப 32% நுரையீரல் போயிடுச்சா? தூக்கமே வரல.

எதுவும் போகலம்மா, முதல்ல தூங்குங்க. உங்க வயசு, உயரம், ஆணா பொண்ணா இத வச்சு மெஷின் ஒரு அளவு எதிர்பார்க்கும், நீங்க ஊதுனது அதுல 68%, அவ்ளோதான். நீங்க அனுப்புன பேப்பர்லயே பாருங்க, முழுசா மூச்ச இழுத்து கடைசி வரைக்கும் ஊதுனது எஃப்விசி, 3.00 லிட்டர். அதுல முதல் ஒரு செகண்ட்ல வெளிய வந்தது எஃப்இவி1, 1.90. ரெண்டையும் வகுத்தா 0.63 வருது, பொதுவா 0.70க்கு கீழ போனா மூச்சுக் குழாய் சுருங்கியிருக்குன்னு பார்ப்பாங்க (வயசுக்கு தகுந்த மாதிரி இந்த கோடு கொஞ்சம் மாறும்). உள்ள காத்து இருக்கு, வெளிய வர லேட்டாகுது.

இப்பதான் முக்கியமான இடம். பக்கத்துல 'போஸ்ட்'னு ஒரு கட்டம் இருக்கே, அது குழாய திறக்குற சால்பியூட்டமால் மருந்து குடுத்து கால் மணி நேரம் உக்கார வச்சு திரும்ப ஊத சொன்னது. உங்களுக்கு 1.90 இருந்தது 2.28 ஆயிருக்கு. 380 மில்லி, அதாவது 20% ஏறியிருக்கு. 12%ம் 200 மில்லியும் ரெண்டும் தாண்டுனா நல்லா திறக்குதுன்னு அர்த்தம்னு ரொம்ப நாளா வச்சிருக்காங்க, 2021ல கணக்கு போடுற முறைய மாத்துனாங்க, உங்களுது அதுலயும் தாண்டுது. 68ஐ பார்த்து அழறத விட்டுட்டு இந்த 380ஐ பாருங்க. மருந்துக்கு திறக்குற குழாய் அது.

வில்லியனூர்: எவ்ளோ வேகமா ஊதுறோம்னு வீட்லயே பாக்குற பீக் ஃப்ளோ மீட்டர்ல எந்த நம்பர் நல்ல நம்பர்?

உங்களோட பெஸ்ட் நம்பர்தான். நீங்க நல்லா இருக்கறப்ப வந்த அதிகபட்சத்துல 80%க்கு மேல பச்சை, 50லேருந்து 80 மஞ்சள், 50க்கு கீழ சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோட ஒப்பிடாதீங்க.

நெல்லிக்குப்பம்: எனக்கு ரிப்போர்ட் ஃபுல்லா நார்மல். ஆனாலும் ஆஸ்துமான்னு வாயில அடிக்குற பம்ப் (இன்ஹேலர்) எழுதிட்டாங்க. காசு புடுங்குற வேலைதானே?

இல்ல தம்பி. ஆஸ்துமா நேரத்துக்கு நேரம் மாறுற வியாதி. விடிகாலை 4 மணிக்கு இளைக்கும், 11 மணிக்கு லேபுக்கு வர்றப்ப ஒண்ணுமே இருக்காது. வெயில் நாள்ல பார்த்தா ஒழுகுற கூரையும் நல்லாத்தான் தெரியும். நார்மல் வந்துச்சுன்னா ஆஸ்துமா இல்லன்னு ஆயிடாது. டவுட்டா இருந்தா ரெண்டு வாரம் காலையும் சாயங்காலமும் பீக் ஃப்ளோ எழுதிட்டு போய் காட்டுங்க, இல்ல இளைப்பு இருக்கறப்பவே டெஸ்ட் எடுங்க. இன்னொண்ணு, டெஸ்ட்டுக்கு முன்னாடி பம்ப் அடிச்சீங்களா?

நெல்லிக்குப்பம்: ஆமா, பஸ் ஏறும்போது அடிச்சேன்.

சரியா போச்சு. நீல பம்ப்னா (சால்பியூட்டமால்) குறைஞ்சது 4 மணி நேரம் இடைவெளி வேணும், ரெண்டு வேள போடுற பம்ப்னா பெரும்பாலும் ஒரு நாள், எது எவ்ளோன்னு லேப்ல முன்னாடியே கேளுங்க. ஆனா மூச்சு திணறினா அடிச்சிடுங்க, வந்து சொன்னா போதும்.

முதுநகர்: பம்ப் பழகிட்டா விடவே முடியாது, எங்க சித்தப்பாவ பார்த்திருக்கேன். மாத்திரையே மேல்.

சார், இத வாரா வாரம் கேக்குறேன். பம்ப் மருந்து நேரா குழாய்க்கு போகுது, மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரை உடம்பு ஃபுல்லா சுத்திட்டு வருது. உங்க சித்தப்பா விட முடியாம இருந்தது வெறும் நீல பம்பா?

முதுநகர்: ஆமா, நீலந்தான்.

அதான். அது குழாய திறக்கும், உள்ள இருக்குற வீக்கத்த குறைக்காது. பெரியவங்களுக்கு நீலத்த மட்டும் குடுக்க வேணாம்னு 2019லயே உலக ஆஸ்துமா வழிகாட்டியில சொல்லிட்டாங்க.

லாஸ்பேட்டை: எங்க அம்மா வீக்கத்த குறைக்குற ஸ்டீராய்டு பம்ப் போட்டு நல்லாத்தான் இருக்காங்க, முதுநகர் சார் சும்மா பயமுறுத்தாதீங்க.

முதுநகர்: நான் பயமுறுத்தல, அனுபவத்த சொன்னேன்.

ரெண்டு பேரும் போதும். ஸ்டீராய்டு பம்ப் போட்டா வாய் கொப்பளிச்சு துப்பணும், அத மட்டும் மறக்காதீங்க.

பண்ருட்டி: முந்திரி வறுக்குற இடத்துல வேலை. ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கு, திங்கக்கிழமை சாயங்காலம் இளைக்குது. டெஸ்ட் நார்மல்.

இன்னைக்கு வந்ததுலயே நல்ல கேள்வி. உங்களுக்கு லேப் டெஸ்ட்ட விட பீக் ஃப்ளோ நோட்டுதான் பேசும். வேலை நாள், லீவு நாள் ரெண்டுலயும் நாளைக்கு 4 தடவை, ரெண்டு மூணு வாரம் எழுதுங்க. பக்கத்துலயே அன்னைக்கு என்ன வேலை, புகை இருந்துச்சான்னு குறிங்க. லீவுல ஏறி வேலையில இறங்குனா நெஞ்சு டாக்டர்கிட்ட நோட்டோட போங்க. டாக்டர பாக்காம வேலைய விட்டுடாதீங்க.

அரியாங்குப்பம்: எஃப்இவி1 71%, 29% போயிடுச்சா?

மேல மஞ்சக்குப்பம் பதில படிங்க.

தவளக்குப்பம்: என் பையனுக்கு 3 வயசு, வீசிங். ஊத வைக்கலாமா?

அந்த வயசுல ஒழுங்கா ஊத வராதும்மா, 5, 6 வயசாகணும். குழந்தை டாக்டர பாருங்க.

திருப்பாதிரிப்புலியூர்: 74%ன்னா டேஞ்சரா?

மஞ்சக்குப்பம் பதில்! அப்புறம் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், மூச்சு திணறல் இல்லன்னா பம்ப் அடிச்சுட்டு டெஸ்ட்டுக்கு வராதீங்க.

நெய்வேலி: திரும்ப எப்ப டெஸ்ட் எடுக்கணும் அக்கா?

மருந்து ஆரம்பிச்சு 3லேருந்து 6 மாசத்துல ஒரு தடவ எடுப்பாங்க, அப்புறம் டாக்டர் சொல்றப்ப. முடிஞ்சா அதே லேப்ல எடுங்க, பழைய ரிப்போர்ட்ட கையோட கொண்டு வாங்க. சில மெஷின்ல வர்றது பில் பேப்பர் மாதிரி சூடு பட்டா கறுக்குற பேப்பர். அத லேமினேட் பண்ணாதீங்க, ஃபுல்லா கறுத்துடும். ஜெராக்ஸ் எடுத்து வைங்க.