மாரியில் இறுகும் லாச்சி: சீவுளியை எங்கே வைப்பது?

வணக்கம் தம்பி. கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் லேசாக ஓடின தேக்கு லாச்சி (இழுப்பறை) ஐப்பசி மழையோடு பாதியில் சிக்குது, பக்கப் பலகையைச் சீவட்டோ என்று கேட்டிருக்கிறீங்கள். பக்கத்தில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். மரம் நீளவாக்கில் கூடுவதில்லை, நாருக்குக் குறுக்கேதான் ஊதும். லாச்சிப் பலகைகளில் நார் கிடையாக ஓடும், அதனால் லாச்சியின் அகலம் பெரிதாக மாறாது, உயரம்தான் கூடும். 15 சென்டிமீட்டர் உயரப் பலகை திருகோணமலை மாரியில் ஒரு மில்லிமீட்டர் ஊதினால் ஆச்சரியமில்லை.

லாச்சி ஓடும் கூட்டின் உட்புறத்தைப் பென்சிலால் கிறுக்கி, லாச்சியைத் தள்ளி இழுத்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டின இடம்தான் உரசும் இடம். மேல் விளிம்பென்றால் அங்கே மட்டும், சீவுளியின் அலகை மயிரிழை வெளியே விட்டு இரண்டு சீவல். பிறகு போட்டுப் பாருங்கள்.

பக்கத்திலும் கறுப்பு இருந்தால் அடிப்பலகையைக் கழற்றி, மேசைக்கு வெளியே நீட்டி இறுக்கின தடித்த பலகையில் லாச்சியைக் கொளுவுங்கள். தாங்கல் இல்லாவிட்டால் பக்கப் பலகை வளைந்து கொடுக்கும், சீவல் சமமாக வராது. புறாவால் மூட்டில் (பலகை முனைகளைப் புறாவின் வால்போல வெட்டிக் கோர்க்கும் மூட்டு) முன், பின் பலகைகளின் வெட்டுமுகம் பக்கத்தில் தெரியும். ஆகவே எப்போதும் மூலையிலிருந்து நடுவுக்கே ஓட்டுங்கள். வெளியே ஓடவிட்டால் ஓரம் பிய்ந்து போகும். தேக்கு அலகை வேறு சீக்கிரம் மழுக்கும், தீட்டிக்கொண்டே இருங்கள்.

சிக்காமல் ஓடினதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் சீவினால் ஆனியில் கடகடக்கும். உரசும் இடங்களில் மெழுகுதிரி தேயுங்கள். தேங்காயெண்ணெய் பூசச் சொல்வார்கள், கேட்காதீங்கள், தூசி ஒட்டிப் பிசினாகிவிடும்.