மானியம் 2.50 லட்சம், வட்டி மாதம் 4,500

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறோம். கணவர் தறி ஓட்டுகிறார், மாதம் 22,000 வருகிறது. ஒன்றரை சென்ட் இடம், ஆஸ்பெஸ்டாஸ் வீடு. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் (நகர்ப்புறம் 2.0) சொந்த இடத்தில் கட்டிக்கொள்ள அனுமதி வந்துவிட்டது. மானியம் மொத்தம் 2.50 லட்சம் என்றார்கள். 325 சதுர அடிக்குத் திட்டம். மேஸ்திரி சதுர அடிக்கு 2,100 கேட்கிறார். சேர்த்து வைத்திருந்த 2 லட்சத்தைக் கொழுந்தனார் கடை போட வாங்கிப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அதனால் 1.50 லட்சம் மூணு வட்டிக்கு வாங்கிக் கம்பிக்கும் செங்கலுக்கும் அட்வான்ஸ் கொடுத்து நாலு மாசம் ஆச்சு. இப்போது கொழுந்தனார் தனக்கும் மாடியில் 300 சதுர அடி சேர்த்துக் கட்டச் சொல்கிறார். மாமியார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். சோலார் போட்டால் 78,000 மானியம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்வது? நகை ஆறு பவுன் இருக்கிறது.

பதில்: உங்கள் பிரச்சினை மானியத்தில் இல்லை. கையில் இருந்த 2 லட்சத்தை வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். 1.50 லட்சத்துக்கு மாதம் 4,500. நாலு மாதத்தில் 18,000 போய்விட்டது, அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆண்டுக் கணக்கில் 36 சதவீதம். கொழுந்தனாரின் கடைக்கு இன்று வட்டி கட்டுவது நீங்கள்தான்.

இந்த வாரமே நகையைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வைத்து அந்தக் கடனை அடையுங்கள். பத்து சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,250 சுமார். மிச்சமாகும் 3,250-ஐ மாதாமாதம் நகைக் கடனின் அசலில் கட்டுங்கள். வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் நகையும் மூழ்கும்.

அடுத்தது மேஸ்திரி கணக்கு. 325-ஐ 2,100-ஆல் பெருக்கி 6.83 லட்சம் என்று எழுதியிருப்பீர்கள். திட்டத்தின் அளவு சுவருக்கு உள்ளே அளக்கும் தரைப்பரப்பு. மேஸ்திரி அளப்பது வெளிச்சுவரோடு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் உள்ளே 325 வருகிற வீடு வெளியே ஏறக்குறைய 385 வரும். 385 × 2,100 = 8.09 லட்சம். இந்த ஒன்றேகால் லட்சம்தான், கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தில் பல வீடுகளை நிறுத்தி வைக்கிறது. எந்த அளவுக்குக் கூலி என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, கரண்ட் இணைப்பு அதில் சேருமா என்பதையும் கேளுங்கள், பெரும்பாலும் சேராது.

8.09-இல் மானியம் 2.50 போக 5.59 லட்சம் வேண்டும். கொழுந்தனார் 2 லட்சத்தைத் திருப்பினால் 3.59. வங்கியில் 9 சதவீதம், 15 வருஷம் என்றால் லட்சத்துக்கு மாதம் 1,014 ரூபாய்: முதல் கணக்கில் தவணை சுமார் 5,670, இரண்டாவதில் 3,640. இரண்டுக்கும் உள்ள 2,030 ரூபாயை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கணவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. தறிக் கூலியை இப்போதிருந்தே வங்கிக் கணக்கில் வரவு வையுங்கள். வங்கிக்காரர் முதலில் புரட்டுவது அந்தப் பாஸ்புக்கைத்தான்.

மாடிக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தத் திட்டத்தில் வீடு 45 சதுர மீட்டர் வரைதான், அதாவது 484 சதுர அடி. 325-உம் 300-உம் சேர்ந்தால் 625, மானியமே சிக்கலாகும். திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். கல்யாணமான கொழுந்தனார் தனிக் குடும்பம். அவர் பெயரிலோ மனைவி பெயரிலோ நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லையென்றால், வருமான வரம்புக்குள் தனியாக விண்ணப்பிக்கலாம். இடம் இல்லாவிட்டால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கேட்கட்டும். அஸ்திவாரத்தை மட்டும் மாடி தாங்கும்படி போடுவது உங்கள் இஷ்டம். அதற்காகும் கூடுதல் செலவு முன்பணமாக அவரிடமிருந்து வந்தால் மட்டும்.

வங்கிக் கடனுக்குத் தனியாக வட்டி மானியமும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது இதே திட்டத்தின் வேறு பிரிவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பிரிவுதான்.

சோலார் ஆசாமியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 78,000 மானியம் உண்மைதான், 3 கிலோவாட்டுக்கு. அது ஒரு நாளைக்கு 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 700 சொச்சம். மின்விசிறியும் டிவியும் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டாது, அதில் முதல் 100 இலவசம். மிச்சமாக்குவது நூற்றுக்கணக்கில், கட்டுவது ஆயிரக்கணக்கில். வெயிலைச் சமாளிக்க வேறு வழி உண்டு: கூரைக்கு மேல் தட்டோடு, அல்லது வெள்ளைக் கூலிங் டைல்ஸ், பணம் இல்லையென்றால் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட். மேற்குச் சுவர் ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு. எதிரெதிர் ஜன்னல். 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி.

மாமியாருக்கான வேலையைக் கட்டும்போதே முடித்துவிடுங்கள், பிறகு சுவரை உடைத்தால் செலவு இரட்டிப்பு. சாய்தளம் ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். சாலை மட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தினால் 18 அடி. உங்கள் மனை 20-க்கு 32 என்று வைத்தால் வீட்டுக்கு முன்னால் பத்தடி மிஞ்சும். ஒன்பதடியில் ஏறி, ஐந்தடிச் சமதளத்தில் திரும்பி, இன்னொரு ஒன்பதடி ஏறினால் அடங்கிவிடும். அகலம் மூன்றடி, ஓரத்தில் இரண்டங்குலக் கட்டை, கைப்பிடி. மேஸ்திரி இடம் போதாது என்று செங்குத்தாகப் போடப் பார்ப்பார். அதில் நாற்காலியைத் தள்ளவே முடியாது. கதவுகளுக்கு மூன்றடி திறப்பு, குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி.

கடைசியாக, பணம் மொத்தமாக வராது. அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு நிலையும் முடிந்து, அதிகாரி வந்து இடத்தோடு படம் பிடித்த பிறகே அந்தந்தத் தவணை வரும். முதல் படம் வேலை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும், அதற்கு முன் கடைக்கால் தோண்டாதீர்கள். படத்துக்கும் பணத்துக்கும் நடுவே வாரக்கணக்கில் ஆகலாம். மேஸ்திரி காத்திருக்க மாட்டார், வேறு வேலைக்குப் போய்விடுவார். அதனால் அடுத்த நிலைக்கான செலவு, லட்சம் ரூபாயாவது, கணக்கில் இருந்தால்தான் ஆளை இறக்குங்கள். அந்த லட்சம் நகைக் கடனிலிருந்தோ வங்கியின் முதல் தவணையிலிருந்தோ வரலாம். அதைக் கொழுந்தனார் கேட்டால், வங்கி வேறு எதற்கும் விடாது என்று சொல்லிவிடுங்கள்.