பேப்பர் தட்டு இறக்குமதி: ஆன்டி டம்பிங் வரி கேள்வி பதில்

அமெரிக்காவில் கஸ்டம்ஸ் புரோக்கராக இருக்கிறேன். சீனா, தாய்லாந்து, வியட்நாம் பேப்பர் தட்டுகளுக்கு 2025 மார்ச்சில் ஆன்டி டம்பிங் ஆணை (நியாய விலைக்கும் குறைவாக வந்து இறங்கும் வெளிநாட்டுச் சரக்குக்குக் கூடுதல் வரி) வந்ததிலிருந்து நம்மவர்கள் பலர் குழம்பியிருக்கிறார்கள். கேளுங்கள்.

சார், சரக்கு வரும்போதே டெபாசிட் கட்டிவிட்டேன். கணக்கு முடிந்ததா?

முடியவில்லை. நீங்கள் கட்டியது முன்பணம்தான். ஆண்டுதோறும் ஆணை வெளியான மாதத்தில் மறுஆய்வு கேட்கலாம். யாராவது கேட்டால், அந்தச் சப்ளையர் விற்ற விலையை வணிகத் துறை ஆராய்ந்து உண்மையான விகிதத்தைச் சொல்லும். கூடினால் மீதியை வட்டியோடு நீங்கள்தான் கட்ட வேண்டும், தட்டெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும். அந்தப் பணத்தை ஒதுக்கி வைக்காமல் லாபக் கணக்கு போடாதீர்கள்.

கரும்புச் சக்கைத் தட்டு இதில் வருமா?

கூழிலிருந்து நேராக அச்சில் அழுத்திய தட்டு இந்த ஆணையில் இல்லை. ஆனால் சீனா, வியட்நாம் கூழ்த் தட்டுகள் மீது 2024 அக்டோபரில் தனி வழக்கே தொடுத்தார்கள். அதைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

பாக்கு மட்டைத் தட்டு?

இந்த ஆணையில் இந்தியா இல்லை. உங்கள் சிக்கல் வேறு: 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தத் தட்டில் உணவு பரிமாற அனுமதியில்லை என்று சொல்லிவிட்டது. உணவுச் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

சீனத் தட்டை மலேசியாவில் பெட்டி மாற்றி அனுப்பினால்?

பெட்டி மாறினாலும் அது சீனத் தட்டுதான். இங்குள்ள போட்டிக் கம்பெனியே கஸ்டம்ஸில் புகார் கொடுக்கலாம். வேண்டாம்.

வரியைத் தானே திருப்பித் தருவதாகச் சப்ளையர் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அப்படி எந்த ஏற்பாடும் இல்லை என்று நீங்கள் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திருப்பித் தந்ததாகவே எடுத்துக்கொண்டு வரியை இரட்டிப்பாக்குவார்கள்.

இன்வாய்ஸில் தள்ளுபடி என்று போட்டால் யாருக்குத் தெரியும் அண்ணா? எல்லோரும் செய்கிறார்கள்.

தம்பி, பேரை மாற்றினால் பணம் மாறிவிடாது. அதை வாங்கிக்கொண்டு சான்றில் கையெழுத்துப் போட்டால் அரசுக்குப் பொய் சொன்னதாகும், அதற்கு அபராதம் தனி. சப்ளையருடன் நடந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் விசாரணையில் வரும். சப்ளையர் வெளிநாட்டில் இருக்கிறார், இறக்குமதியாளர் என்று பதிவானது உங்கள் பெயர். பில்லும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

டெபாசிட் கட்டியாச்சு, இனி பயமில்லைதானே?

முதல் பதிலைப் படியுங்கள். அது முன்பணம்.