பலகைமேல் நின்று பெரிய அலையில் சறுக்குபவர்களின் (சர்ஃபிங்) வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அவர்களுக்குப் பயமே இருக்காதா? விழுந்தால் என்ன ஆகும்?

பயம் இருக்கும். ஆனால் கரையில் நிற்கும் நாம் எதைப் பார்த்து மிரள்கிறோமோ, அது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். நம் கண்ணில் படுவது உயரம். அவர்கள் கணக்குப் போடுவது வேறு: விழுந்தால் எத்தனை விநாடி உள்ளே கிடக்க வேண்டும், மேலே வரும்போது அடுத்த அலை எங்கே இருக்கும், தூக்க ஆள் வந்து சேருவாரா.

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருந்தபோது கோவளத்தில் இடுப்பளவு அலையில் பலகைமேல் நிற்கப் பழகியவன், அவ்வளவுதான். இப்போது வேலை போர்ச்சுகலின் லிஸ்பனில். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய அலைக்குப் பேர்போன நசாரே என்ற கடற்கரை ஊருக்குப் போய்விடலாம் என்பதால் குளிர்காலத்தில் போய் மலைமுகட்டில் நின்று பார்ப்பேன்.

நீங்கள் பார்த்த வீடியோ பெரும்பாலும் அந்த ஊராகத்தான் இருக்கும். ஜெர்மனிக்காரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 2020 அக்டோபர் 29 அன்று அங்கே சறுக்கிய அலைக்கு 86 அடி (26.21 மீட்டர்) என்று கின்னஸ் சான்று கொடுத்தது. மனிதர் வளர்ந்ததோ கடலே இல்லாத நியூரம்பெர்க்கில்!

அந்த ஒரு கரையில் மட்டும் ஏன் அப்படி ஓர் அலை? கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழமான இடத்தில் சுமார் 5,000 மீட்டர். அதன் கிழக்கு முனை கிட்டத்தட்ட ஊர் வாசல்வரை வந்து நிற்கிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறையும். வட அட்லாண்டிக் புயலில் கிளம்பி வருகிற அலையின் ஒரு பகுதி பள்ளத்தாக்கின் மேலே வேகம் குறையாமல் ஓடிவருகிறது. பக்கத்தில் ஆழமில்லாத தரைமேல் வரும் பகுதி பின்தங்குகிறது. வேகமாக வந்தது வடக்குப் பக்கமாக வளைந்து, பின்தங்கியதன்மேல் ஏறிக்கொள்கிறது. போதாக்குறைக்குக் கரையில் குவிந்த தண்ணீர் திரும்பிப் பாயும் நீரோட்டம் எதிரே முட்டி, அதையும் உயர்த்திவிடுகிறது. இதெல்லாம் நடப்பது பிராயா டோ நோர்டே என்ற வடக்குக் கரையில். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையைத் தாண்டித் தெற்கே இருக்கும் ஊர்க் கடற்கரை அதே நாளில் எவ்வளவோ அடக்கமாக இருக்கும்.

உள்ளூர் மீனவர்கள் அந்த வடக்குக் கரையை அண்டவே மாட்டார்களாம். கடலுக்குப் போனவர்களை நிறைய இழந்த ஊர். உள்ளூரார் சிலர் கூப்பிட்டதன்பேரில் ஹவாயிலிருந்து காரெட் மெக்னமாரா வந்தார். 2011இல் அவர் சறுக்கிய 78 அடி அலைக்குப் பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

சரி, விழுந்தால் என்ன ஆகும்?

முதல் அடி தண்ணீரின் எடை. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அலை மடியும்போது அப்படி எத்தனை டன் தலைமேல் விழுகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். செவிப்பறை கிழியலாம், எலும்பு முறியலாம். 2017 நவம்பரில் பிரிட்டனின் ஆண்ட்ரூ காட்டனுக்கு இங்கேதான் முதுகெலும்பு உடைந்தது. அடுத்தது, அலை ஆளை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். ஒன்றிரண்டு நிமிடம் வீட்டில் மூச்சடக்குகிற யாரும் ‘அரை நிமிடம்தானே’ என்று நினைக்கலாம். அங்கே இதயம் ஏற்கெனவே ஓட்டப்பந்தயத்தில் இருக்கும். விழுந்த வேகத்தில் நெஞ்சிலிருந்த காற்றும் வெளியே போயிருக்கும். பெரிய அலைகளுக்கு நடுவே 15 முதல் 20 விநாடிதான் இடைவெளி. முதல் அலை விடுவதற்குள் இரண்டாவது வந்து அமுக்கினால் அதன் பிறகு நடப்பது அவர் கையில் இல்லை.

மூன்றாவதாக நுரை. என் பார்வையில் இதுதான் பொல்லாதது. ஆள் தலையை வெளியே நீட்டுவார், ஆனால் அங்கே தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. பாதிக்குப் பாதி காற்று கலந்த நுரையில் உடம்பு மிதக்காது, கை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. சோப்பு நுரையில் நீந்தப் பார்ப்பதைப் போல. காப்பாற்ற வரும் ஜெட் ஸ்கியும் (தண்ணீர்மேல் ஓடும் ஸ்கூட்டர் மாதிரியான வண்டி) தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சித்தான் ஓடுகிறது. நுரையை உறிஞ்சினால் அதுவும் நகராமல் நின்றுவிடும்.

2013 அக்டோபர் 28 அன்று பிரேசிலின் மாயா கபேராவுக்கு இது மொத்தமும் ஒரே நாளில் நடந்தது. அலையில் இறங்கும்போதே கணுக்கால் பக்கம் எலும்பு முறிந்தது. விழுந்தார், அடுத்தடுத்த அலைகள் அமுக்கின, நினைவு தப்பியது. கூட்டாளி கார்லோஸ் பூர்லே ஜெட் ஸ்கியில் திரும்பத் திரும்ப உள்ளே போய், கடைசியில் கரைக்கு இழுத்து வந்தார். மணலில் கிடத்தி நெஞ்சை அமுக்கித்தான் உயிரை மீட்டார்கள். முதுகில் பல அறுவை சிகிச்சைகள். அப்புறம் அதே கரைக்குத் திரும்பி வந்து 2018இல் 68 அடி, 2020இல் 73.5 அடி என்று பெண்களுக்கான உலக சாதனையை இரண்டு முறை வைத்தார். இதைத் துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா என்று எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

இவ்வளவு பெரிய அலை மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கையால் துழாவி அதைப் பிடிக்க முடியாது என்பதால் ஜெட் ஸ்கியில் கயிறு கட்டி இழுத்துவிடுகிறார்கள். பலகை சின்னது, ஆனால் எகிறாமல் இருக்க உள்ளே ஈயம் வைத்துக் கனமாக்கியிருப்பார்கள், கால் நுழைக்கப் பட்டையும் உண்டு. இழுத்துவிட்டவர் அத்தோடு போய்விட மாட்டார், அலையின் பின்னாலேயே வருவார். பெரிய நாட்களில் இன்னொரு ஜெட் ஸ்கி காவலுக்கு நிற்கும். முகட்டில் ஒருவர் வாக்கி டாக்கியில் ‘இடது பக்கம் போ, இன்னும் இரண்டு அலை வருகிறது’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வீடியோவில் நாம் பார்ப்பது பலகைமேல் நிற்பவரை மட்டும். நான் போனால் கண் போவது ஜெட் ஸ்கிக்காரர் மேல்தான். இரண்டு அலைக்கு நடுவே கிடைக்கும் பத்துப் பதினைந்து விநாடியில் நுரைக்குள் பாய்ந்து, ஆளைத் தேடி, பின்னாலிருக்கும் மிதவைமேல் ஏற்றி, வெளியேற வேண்டும். தவறினால் இருவருக்கும் ஆபத்து.

கயிற்றை இழுத்தால் கார்பன் டை ஆக்சைடு நிரம்பி ஊதிக்கொள்ளும் சட்டை இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. நல்ல கருவி, பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 2012 டிசம்பரில் கலிபோர்னியாவிலிருந்து வெகு தூரம் நடுக்கடலில் இருக்கும் கோர்டெஸ் பேங்க் என்ற கடலடி மேட்டருகே, சறுக்கு வீரர் கிரெக் லாங் விழுந்தபோது அது ஊதவில்லை. அலைகள் வரிசையாக அமுக்க, மயங்கிய நிலையில்தான் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டார்.

பிழைக்காதவர்களைப் பாருங்கள். ஹவாயின் மார்க் ஃபூ 1994 டிசம்பர் 23 அன்று கலிபோர்னியாவின் மேவரிக்ஸில் இறந்தார். அந்த இடத்தின் கணக்கில் அது பெரிய நாளே இல்லை. நசாரேயில் சறுக்கும்போது நடந்த முதல் மரணம் 2023 ஜனவரி 5 அன்று, பிரேசிலின் மார்சியோ ஃப்ரெய்ரே. பல ஆண்டு அனுபவசாலி. அன்றும் சாதனை அலை எதையும் துரத்தவில்லை. ஆகவே ‘எத்தனை அடி’ என்பதை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். அந்த அடிக்கணக்கே புகைப்படத்தில் சறுக்குபவரின் உடலை அளவுகோலாக்கிப் போடும் கணக்குதான். அலையின் அடி எங்கே தொடங்குகிறது என்பதிலேயே நிபுணர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவுக்கும் எதற்காகப் போகிறார்கள்? பணமும் புகழும் ஒரு காரணம், மறுக்க முடியாது. ஆனால் மேவரிக்ஸில் ஜெஃப் கிளார்க் 1975இல் தொடங்கிச் சுமார் 15 ஆண்டுகள் தனியாகவே சறுக்கினார். கேமராவும் இல்லை, கைதட்டலும் இல்லை. அவருக்கு அந்த அலையே போதுமானதாக இருந்திருக்கிறது. வானிலை வரைபடத்தில் ஒரு புயல் உருவாவதைப் பார்த்து, அது எந்தக் கரைக்கு எப்போது வரும் என்று கணித்து, விமானம் பிடித்து வந்து, தண்ணீரில் மணிக்கணக்காகக் காத்திருந்து, அரை நிமிடம் சறுக்குவது. கோவளத்துச் சின்ன அலையிலேயே சரியாக எழுந்து நின்ற கணத்தில் வேறு எந்த நினைப்பும் வராது. அதைப் பல மடங்கு பெருக்கினால் என்னவாக இருக்கும் என்று யூகிக்கத்தான் முடிகிறது.

இந்தப் பெரிய அலை உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஹவாயின் வைமியா விரிகுடாவில் நடக்கும் எடி ஐகாவ் போட்டி. எடி அங்கே லைஃப்கார்டாக இருந்தவர். 1978இல் ஹோகுலேயா என்ற பாய்மரப் படகு கவிழ்ந்தபோது உதவி கேட்டுவர பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், திரும்பவில்லை. அலை போதிய அளவு எழும்பினால்தான் போட்டி, அதனால் பல வருடம் நடக்காமலே போகும். 2023 ஜனவரியில் நடந்தபோது ஜெயித்தவர் லூக் ஷெப்பர்ட்சன். அன்று அதே கடற்கரையில் லைஃப்கார்டு டியூட்டியில் இருந்தவர். இடைவேளையில் போய்ச் சறுக்கிவிட்டு டியூட்டிக்குத் திரும்பினார்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் நசாரே போங்கள். கலங்கரை விளக்கம் இருக்கும் கோட்டைதான் நல்ல இடம். கீழே மணலில் இறங்கித் தண்ணீர் ஓரம் போய்ப் படம் எடுக்க வேண்டாம், சாதாரண நாளிலும். முன்னறிவிப்பைப் பார்க்காமல் போனால் கடல் தட்டையாகக் கிடக்கும். அப்போது ஊர்க் கடற்கரைப் பக்கம் இறங்குங்கள். அங்கே பெண்கள் சட்டத்தில் வலை கட்டி மீன் காயவைத்து விற்பார்கள். நம்மூர்க் கருவாடு அளவுக்கு உப்பு இருக்காது, ஆனால் வாங்கலாம்.