ஹோர்ட்டன் சமவெளிக்கு எந்த மாதம் போகலாம்?

கொழும்பிலிருந்து குடும்பத்தோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக எந்த மாதம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். உலக முடிவு (World's End) என்ற மலைவிளிம்பைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. அதுவும் காலை 6 மணிக்குத் தேசியப் பூங்கா வாசலில் நிற்க வேண்டும். ஒன்பது, பத்து மணியானால் கீழிருந்து முகில் ஏறிவந்து மூடிவிடும். அப்புறம் 800 மீற்றருக்கு மேல் இறங்கும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்றாலும் வெறும் வெள்ளைதான் தெரியும். விடியப்புறம் வெள்ளவத்தையில் வான் ஏறினால் நேரே போய்விடலாம் என்று நாங்களும் ஒருமுறை கணக்குப் போட்டோம். போய்ச் சேர்ந்தபோது பத்தரை! முந்தின இரவே நுவரெலியாவில் தங்கிவிடுங்கள்.

அந்த மாதங்களில் விடியற்குளிர் பொல்லாதது. சில நாட்களில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். அலுமாரியில் தூங்கும் சுவெட்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

ஏப்ரல் வேண்டாம். பாதிக் கொழும்பு அங்கேதான் நிற்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழையும் இடியும். காலையிலேயே நடையை முடித்துவிட்டால் சரி.

எனக்குப் பிடித்தது, எல்லோரும் வேண்டாம் என்று சொல்லும் ஜூலை. தென்மேல் பருவமழைக் காலம். ஒருமுறை ஜூலையில் போனபோது உலக முடிவு தெரியவே இல்லை. ஆனால் காட்டுக்குள் மரங்கள் குட்டையாக, முறுகி, பாசியைப் போர்த்திக்கொண்டு நின்றன. மழை விட்ட பிறகும் சொட்டுச் சத்தம் நிற்கவில்லை. முகிலின் ஈரத்தை அந்த மரங்களே பிடித்து நிலத்துக்கு இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் இந்த மலைப்பக்கம்தான். களனித் தண்ணீர்தான் அம்பத்தலையில் சுத்தமாகி நம் குழாய்க்கு வருகிறது என்று மகளிடம் சொன்னேன். பேக்கர் நீர்வீழ்ச்சியைக் காட்டி, “அப்ப இது எங்கட வீட்டுக்கு வருமா அப்பா?” என்றாள். இல்லை, அது பெலிஹுல் ஓயா, வளவையில் போய்ச் சேரும். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். சின்னப் பிள்ளைகள் என்றால் நாலு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். பொலித்தீனுக்குத் தடை, பிஸ்கட் உறையைக்கூட வாசலில் கழற்றி வாங்கிவிடுவார்கள்.