ராத்திரி எங்கே படுப்பீர்கள்?

கேள்வி: அன்புள்ள அக்கா, சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய் பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் தேர்வு முடிகிறது. நானும் தோழிகள் இரண்டு பேருமாக, முதுகில் ஒரு பையோடு பத்து நாள் ஊர் சுற்ற ஆசைப்படுகிறோம். பெங்களூரு, மைசூரு, கூர்க், ஊட்டி, ஹம்பி, கோவா, மும்பை என்று பட்டியல் போட்டிருக்கிறோம். டியூஷன் எடுத்துத் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சேர்த்துவிட்டோம். அதற்குள் முடியுமா? எந்த வரிசையில் போவது? அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அம்மா மட்டும், "எல்லாஞ் சரிட்டி, ராத்திரி எங்க போய்ப் படுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல?
– வாசகி, சேரன்மகாதேவி

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்ட கேள்விகளையெல்லாம் விட உன் அம்மா கேட்டதுதான் முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் உன் மற்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். ஒரு தாளை எடு. முதல் ராத்திரி, இரண்டாம் ராத்திரி என்று ஒன்பது வரிகள் எழுது. ஒவ்வொன்றுக்கும் நேராக, எங்கே படுப்பீர்கள் என்று எழுதிப் பார். உன் ஏழு ஊர்ப் பட்டியலை வைத்து எழுதினால் பாதி வரி காலியாக நிற்கும். மீதிப் பாதியில் "நள்ளிரவு பஸ் ஸ்டாண்ட்" என்று எழுத வேண்டியிருக்கும்.

காசும் அங்கேதான் போகிறது. ஸ்லீப்பர் டிக்கெட் இன்றைக்கும் மலிவு. அறை வாடகைதான் தின்றுவிடும். ராத்திரியில் ரயில் ஏறினால் படுக்கையும் பயணமும் ஒரே காசில் முடிகிறது. அதனால் ஊர்களை நீ தேர்ந்தெடுக்காதே, ரயில் தடம் தேர்ந்தெடுக்கட்டும். கூர்க்குக்கு ரயில் கிடையாது. ஊட்டி நம்மிடம்தான் இருக்கிறது, இன்னொரு தடவை தனியாகப் போய்க்கொள்ளலாம். மும்பையில் மூன்று பெண்கள் பத்திரமாகத் தங்குகிற மாதிரி அறை எடுத்தால் இரண்டு நாளில் உன் கையிருப்பு கரைந்துவிடும். பெங்களூருவை ரயில் ஜன்னலிலேயே பார்த்துவிடு. மைசூரு, ஹம்பி, கோவா மூன்றும் மிச்சம். மூன்று ஊர் போதாதா என்று கேட்காதே, பத்து நாளுக்கு அதுவே நிறைவு.

இந்த மூன்றையும் நெல்லையிலிருந்து கிளம்பி நெல்லைக்கே திரும்புகிற ஒரு வட்டமாகப் போட முடியும், போன வழியில் திரும்பாமல். தூத்துக்குடி – மைசூரு விரைவு ரயில் நெல்லைக்குள் வராது. நெல்லை சந்திப்பிலிருந்து தூத்துக்குடி பாசஞ்சரில் போய் வாஞ்சி மணியாச்சியில் ஏற வேண்டும். 1911-ல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட அதே சந்திப்புதான். மாலையில் ஏறினால் மறுநாள் காலை மைசூரு. அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டு, அடுத்த நாள் சாயங்காலம் மைசூரிலிருந்தே கிளம்பும் ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறு. அது பெங்களூரு வழியாகப் போய் விடிந்ததும் ஹொசபேட்டையில் இறக்கிவிடும். ஹம்பி அங்கிருந்து 13 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. ஹம்பியில் இரண்டு ராத்திரி. பிறகு ஹொசபேட்டையிலிருந்து கோவா போகிற அமராவதி எக்ஸ்பிரஸ். இது பகல் ரயில், காலையில் ஏறினால் மதியத்துக்கு மேல் மட்காவ். கோவாவில் மூன்று ராத்திரி. கடைசியாக மட்காவிலிருந்து ஜாம்நகர் – திருநெல்வேலி ரயில். கொங்கண் தடத்தில் வந்து, கேரளம் முழுக்கக் கடந்து, நாகர்கோவில் வழியாக நேரே நெல்லையில் விடுகிறது.

ஒன்பது வரியும் நிரம்பிவிட்டது பார்: மூன்று ராத்திரி ரயில், ஆறு ராத்திரி அறை. இன்னொன்றையும் அம்மாவிடம் காட்டு. மைசூரு காலையில், ஹொசபேட்டை காலையில், மட்காவ் பகலில். தெரியாத ஊரில் இருட்டில் போய் இறங்குவது ஒரு இடத்தில்கூட இல்லை. இருட்டிய பின் இறங்க நேர்ந்தாலும் அது நெல்லை சந்திப்பாகத்தான் இருக்கும், அங்கே உன் அப்பா வந்து நிற்பார்.

முன்பதிவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எல்லாரும் போகிற டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டுத் திரும்புகிறதை அப்புறம் பார்ப்பார்கள். நீ தலைகீழாகச் செய். இந்த நான்கு ரயிலில் இரண்டு தினசரி ஓடாதவை. ஜாம்நகர் ரயில் வாரம் இருமுறைதான், அமராவதியும் வாரத்தில் சில நாள் மட்டும். இந்த இரண்டுக்கும் தோதான தேதிகளை முதலில் பிடி. பின்னோக்கி வந்து மற்ற இரண்டையும் எடு. அவை தினமும் ஓடுகின்றன, ஒரு நாள் முன்பின்னாக நகர்த்திக்கொள்ளலாம். இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. ஆக, அக்டோபர் தொடக்கத்திலேயே காலை எட்டு மணிக்குத் தயாராக இரு. கார்த்திகை பிறந்துவிட்டால் கேரளத் தடம் முழுக்க சபரிமலைக் கூட்டம். நெல்லைக்காரிக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டை "அப்புறம் தட்கலில் பார்ப்போம்" என்று விடவே கூடாது.

ஜாம்நகர் ரயிலில் இடமே இல்லை என்றால், தினமும் ஓடும் நேத்ராவதி எக்ஸ்பிரஸில் திருவனந்தபுரம் வரை வந்து, நாகர்கோவில் வழியாக பஸ் பிடி. அமராவதி கிடைக்காவிட்டால் ஹொசபேட்டையிலிருந்து கோவாவுக்கு ராத்திரி ஸ்லீப்பர் பஸ் இருக்கிறது, ஆனால் காசு கூட. எதுவானாலும் காத்திருப்போர் பட்டியலை நம்பிக் கிளம்பாதே. ஆன்லைனில் எடுத்த டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் காத்திருப்பிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், உட்கார இடம் உண்டு.

இனி ஒன்பதாயிரம். நான்கு ரயிலுக்கும் ஸ்லீப்பரில் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் அடங்கும். தங்குவதற்கு ஆறு ராத்திரிக்கு மூவாயிரம் ஒதுக்கு. மூன்று பேரும் ஒரே அறையை எடுத்தால் தலைக்கு ஐந்நூறில் முடிக்கப் பார்க்கலாம். தனிப் படுக்கை வாடகைக்கு விடும் ஹாஸ்டலானால் பெண்களுக்கான டார்மிட்டரி தனியாக இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய். சாப்பாட்டுக்கு இரண்டாயிரம். உள்ளூர் பஸ், சைக்கிள், நுழைவுக் கட்டணத்துக்கு ஆயிரம். மிச்சம் ஆயிரத்தைத் தொடாதே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதும், பயணிகள் நாள் கணக்கில் தவித்ததும் உனக்குத் தெரியும். டிசம்பரில் நம் பக்கம் மழை எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஒரு ரயில் ரத்தானால் ஒரு ராத்திரி தங்கவும் வேறு டிக்கெட் எடுக்கவும் அந்த ஆயிரம் வேண்டும்.

காசு விஷயத்தில் இன்னொன்று. தோழிகளுக்குள் மனக்கசப்பு வருவது பெரிய தொகையில் இல்லை, "போன டீக்கு நான்தானே குடுத்தேன்" என்பதில்தான். காலையில் கிளம்பும்போது மூன்று பேரும் ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாயை ஒரு சின்ன பர்ஸில் போடுங்கள். அன்றைய பொதுச் செலவெல்லாம் அதிலிருந்துதான். பர்ஸை ஒருத்தி வைத்துக்கொள்ளட்டும், அடுத்த நாள் அடுத்தவள். ராத்திரி மிச்சத்தை எண்ணிப் பார்த்துவிட்டுப் படுங்கள். ஆளுக்கொரு ஆசை இருக்கும் பார், வளையல், ஐஸ்கிரீம், அதெல்லாம் அவரவர் கைக்காசு. ஹம்பிக்குள் ஏ.டி.எம்.மை நம்பாமல் ஹொசபேட்டையிலேயே கொஞ்சம் ரொக்கம் எடுத்துக்கொள்.

முதல் ராத்திரிச் சாப்பாட்டை அம்மாவிடமே கேட்டு வாங்கு. எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிய இட்லியை வாழை இலையில் மடித்துக் கட்டினால் மறுநாள் காலைக்கும் கெடாது. ஒரு ராத்திரிச் செலவு மிச்சம், அவளுக்கும் மனசு கொஞ்சம் ஆறும். கர்நாடகத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஹோட்டல்கள் நமக்குத் தோது. நம் அம்மா உணவகம் மாதிரி மைசூரில் இந்திரா கேன்டீன்களும் உண்டு. ஆனால் பஸ்ஸில் கவனம். நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்காமல் போகிற பழக்கத்தில் அங்கேயும் உட்கார்ந்துவிடாதே. கர்நாடகத்தின் இலவசப் பயணம் அந்த மாநில முகவரி உள்ள பெண்களுக்கு மட்டும்தான்.

மைசூருக்கு ஒன்றரை நாள் போதும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள், அரண்மனையில் விளக்கெல்லாம் ஏற்றுவார்கள்.

ஹம்பிக்கு அவசரப்படாதே. அங்கே போவதற்கு முன் நீ இங்கேயே இரண்டு இடம் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் இருக்கிற கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போய், மண்டபத்துச் சிற்பங்களைப் பக்கத்தில் நின்று பார். ஆள் உயரக் கல்லில் நரம்பும் நகமும் தெரியும். விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த நாயக்கர்கள் காலத்து வேலை அது. அப்புறம் நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்கள். ஒரே கல்லில் குடைந்த தூண் கொத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். இதைப் பார்த்த கண்ணோடு ஹம்பி விட்டலர் கோயிலில் நுழைந்தால், அங்கேயும் இசைத் தூண்கள் நிற்பதைப் பார்த்து நின்றுவிடுவாய். அங்கே தூண்களைத் தட்ட அனுமதி இல்லை, ஆனால் அவை எப்படி ஒலிக்கும் என்று நெல்லைக்காரிக்குத் தெரியுமே. விஜயநகரத்தின் தலைநகரம் ஹம்பிதான். 1565-ல் தலைக்கோட்டைப் போரோடு அது அழிந்தது. அதன் கைவேலை நம் தாமிரபரணிக் கரையில் இன்றும் பூசை நடக்கிற கோயில்களாக நிற்கிறது. இதை அறிந்து போகிறவளுக்கு ஹம்பி வெறும் இடிபாடாகத் தெரியாது.

விருபாட்சர் கோயில் பக்கம் தங்கி, சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்று. விட்டலர் கோயிலுக்கு எடுக்கும் டிக்கெட்டே அன்றைக்குத் தாமரை மகால் வளாகத்துக்கும் செல்லும், அதனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள். ஹேமகூட மலையில் சூரியன் மறைவதைப் பார்க்கக் காசு வேண்டாம். மறைந்ததும் கூட்டத்தோடு இறங்கி அறைக்கு வந்துவிடுங்கள். இருட்டிய பிறகு பாறைப் பக்கம், ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம் வேண்டாம், யார் கூப்பிட்டாலும் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அமராவதி ரயிலில் ஜன்னலை விடாதே. மலை இறங்கும்போது தூத்சாகர் அருவியின் நடுவிலேயே ரயில் பாலம் போகிறது. அருவியின் உயரம் 310 மீட்டர். குற்றாலம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கே வாய் பிளந்துவிடும்.

கோவாவில் பாகா, கலங்குட் பக்கம் போய்த் தங்கினால் செலவு கைமீறும். பனாஜியில் தங்கு. மட்காவிலிருந்து கதம்பா பஸ் நேரே போகும். மிராமரில் அரசு யூத் ஹாஸ்டல் இருக்கிறது, கடற்கரையும் அங்கேயே. டிசம்பர் இருபதுக்கு மேல் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் வாடகை எகிறிவிடும், அதற்குள் வந்துவிடுங்கள். பழைய கோவாவில் போம் ஜீசஸ் பேராலயத்துக்கு அவசியம் போ. புனித சவேரியாரின் உடல் அங்கேதான் இருக்கிறது. 1542-ல் கோவாவில் வந்து இறங்கியவர் அதே ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை நீயே பார்த்திருப்பாய். டிசம்பர் 3 அவர் திருநாள், அது முடிந்த பிறகு நீ போவதால் நெரிசல் குறைந்திருக்கும். பக்கத்திலேயே மாண்டோவி ஆற்றைக் கடந்து திவார் தீவுக்குப் போகும் படகில், நடந்து ஏறுகிறவர்களுக்குக் கட்டணமே இல்லை. அரை நாள் அந்தத் தீவில் நடந்து பார். கோவாவின் நிதானமான முகம் அது.

கடைசி நாள் அறையைக் காலி செய்துவிட்டு, பைகளை மட்காவ் நிலையத்து க்ளோக் ரூமில் போடலாம். பூட்டாத பையை வாங்கமாட்டார்கள், ஆளுக்கொரு சின்னப் பூட்டு வாங்கி வை. பையின் எடை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்று ஜோடி உடுப்பு, சீக்கிரம் காய்கிற ஒரு ஈரிழைத் துண்டு, ஒரு போர்வை, மாதவிடாய்க்கு வேண்டியது, மாத்திரை. ஆதார் அசல் ஆளுக்கொன்று கையில் இருக்க வேண்டும், அறை கொடுக்கக் கேட்பார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் தென்காசி பாசஞ்சரில் ஏறிக் குற்றாலம் வரை போய்த் திரும்புங்கள். எதை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று தோளே சொல்லிவிடும். யாருக்குப் பசி வந்தால் கோபம் வரும் என்பதும் தெரிந்துவிடும்.

அந்த ஒன்பது வரித் தாளை நல்ல கையெழுத்தில் இரண்டு பிரதி எடு. ஒவ்வொரு ராத்திரிக்கும் நேராக ரயில் எண், பெட்டி, படுக்கை எண், பி.என்.ஆர்.; அறை என்றால் பெயர், விலாசம், தொலைபேசி எண். கூடவே இரண்டு தோழிகளின் அம்மாக்கள் எண்ணும். ஒரு பிரதியை அம்மா கையில் கொடு. தினமும் அறைக்குள் வந்து கதவைத் தாழ் போட்டதும் ஒரு போன், ரயில் என்றால் படுக்கையில் ஏறியதும் ஒரு போன் என்று பேசிவை. சிக்னல் இல்லாத இடம் வழியில் வரும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. இல்லையென்றால் தூத்சாகர் மலையில் நீ அருவி பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.